பருப்பு வேகுமா என்று பென்சிலால் கேட்டவர்

என் ஆறாவது குறிப்பேட்டின் நடுவில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. ஆவணி மாதம், இரண்டாம் புதன்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு வந்து சேர்ந்ததாக அதன் மேல் நான் எழுதிய குறிப்பு. கீழே அச்சிட்ட கட்டங்கள்: ஊர், நீர் ஆதாரம், எடுத்த நாள், எடுத்தவர் பெயர். எல்லாம் நீல மையில் நிரப்பப்பட்டிருக்கின்றன. கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால் ஒரு வரி:

"இந்தத் தண்ணியில் பருப்பு வேகுமா எனவும் பார்க்கவும்."

கோவையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே இப்போது ஒரு புது எந்திரம் வந்திருக்கிறதாம். ஒரு துளி நீரைக் கொடுத்தால் அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம், குளோரைடு எல்லாவற்றையும் கால் மணி நேரத்தில் வரிசையாக அச்சிட்டுத் தந்துவிடுமாம். என்னோடு வேலை பார்த்த நித்யா அதன் படத்தை அனுப்பி, "அக்கா, நம்ம ப்யூரெட்டையெல்லாம் பொட்டில போட்டுக் கட்டியாச்சுங்க. பழைய காலத்தப் பத்தி ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்று கேட்டிருந்தாள். ப்யூரெட் என்பது அளவுக்கோடுகள் போட்ட நீண்ட கண்ணாடிக் குழாய். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்தை இறக்கித்தான் நாங்கள் எல்லாவற்றையும் அளந்தோம். அதன் பிரிவில் எனக்கு வருத்தம் எதுவுமில்லை. என் வலது கட்டைவிரல் முப்பத்தோரு ஆண்டுகள் அதன் அடைப்பைத் திருகியே தேய்ந்தது. அந்த எந்திரம் அப்போதே வந்திருந்தால் அதற்கு மாலை போட்டிருப்பேன். ஆனால் நித்யா கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது இந்தச் சீட்டுதான். எந்த எந்திரத்திலும் இதற்குக் கட்டம் இருக்காது.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் ஆண்டு முழுவதும் பாட்டில் கழுவினேன். இரண்டாம் ஆண்டு, கழுவிய பாட்டில் சரியாகக் கழுவப்பட்டதா என்று பார்த்தேன். அமிலம் தெறித்து இரண்டு பருத்திச் சேலைகளில் ஓட்டை விழுந்தது. ஒரு முறை கோவையின் கணபதிப் பகுதியிலிருந்து ஒருவர் பழைய பிராந்தி பாட்டிலில் கிணற்று நீர் கொண்டுவந்தார். படிவத்தில் "மணம்" என்ற கட்டத்தில் நான் நேர்மையாக "பிராந்தி" என்று எழுதினேன். அதைப் படித்த அவருடைய மனைவி நேரில் வந்து என்னிடம் நன்றி சொன்னார். எங்கள் கூடத்தின் முடிவுகள் ஊருக்குப் பயன்படுகின்றன என்று எனக்கு உறைத்தது அன்றுதான்.

இருபதாம் ஆண்டில் எங்களுக்குத் தலைமை வேதியியலராக மாற்றலாகி வந்தவர் சாமியப்பன். என்னைவிட நான்கு வயது இளையவர். பதவிக்காக நான் அவரை சார் என்றேன், வயதுக்காக அவர் என்னை அக்கா என்றார். அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, வந்து சேரும் நீர் மாதிரிகளுக்கும் அவர் மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். "அன்னூர்க்காரங்க வந்துட்டாங்களா?" என்று கேட்டால் அன்னூரிலிருந்து வந்த பாட்டிலைக் கேட்கிறார் என்று பொருள். புதிதாக வருபவர்கள் வாசலை எட்டிப் பார்ப்பார்கள். இரண்டாவது, எந்தப் பாட்டிலையும் திறப்பதற்கு முன் இரண்டு நிமிடம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சும்மா பார்க்க வேண்டும். பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எதுவும் தெரியவில்லை என்றால் "எதுவும் தெரியவில்லை" என்று எழுத வேண்டும்.

அவர் யாரையும் திட்டியதில்லை. நாம் செய்தது தப்பு என்றால், "மறுக்கா ஒருதரம் பாத்துப்போடலாங்களா?" என்பார். சரியாக இருந்தாலும் சில சமயம் அதையேதான் சொல்வார். வீட்டுக்குப் போன பிறகும், இன்று நாம் பாராட்டப்பட்டோமா திட்டு வாங்கினோமா என்று தெரியாது.

அந்தப் புதன்கிழமை வந்த பாட்டில் அவிநாசிக்கு வடக்கே உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்திலிருந்து வந்தது. ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே உள்ளவர்கள் நன்றாக இருக்கிறார்கள், இருக்கட்டும். பாட்டிலோடு ஒரு கடிதமும் இருந்தது. ஊர்த் தலைவரும் இன்னும் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பள்ளியில் சமைக்கும் மயிலாத்தாள் என்பவர் பிள்ளைகளுக்கு அரைவேக்காட்டுப் பருப்பு போடுகிறார், கேட்டால் புது போர்த் தண்ணீர்மேல் பழி போடுகிறார், ஆகவே தண்ணீரைச் சோதித்துச் சொல்ல வேண்டும், தண்ணீர் நன்றாக இருக்கும் பட்சத்தில் சமையலரை மாற்றுவதென்று முடிவு செய்திருக்கிறோம் என்பது அதன் சாரம். ஆக, எங்கள் முடிவில்தான் ஒருவருடைய வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

பாட்டிலை வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கண்ணாடி போலத் தெளிந்த நீர். மூடியின் மேல் தும்பைப்பூப்போல வெள்ளைத் துணி கட்டி, நூலால் இறுக்கியிருந்தது. இவ்வளவு மரியாதையாக ஒரு மாதிரி எங்களுக்கு வந்ததே இல்லை. இரண்டு நிமிடம் முடிந்ததும் குறிப்பேட்டில் எழுதினேன்: "தெளிவு. வண்டல் இல்லை. குமிழ் இல்லை. ஏன்?"

குமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிலத்தடி நீரில் உப்புகள் மட்டுமல்ல, காற்றும் கரைந்திருக்கிறது. குளிர்ந்த நீர் எங்கள் அறையின் சூட்டுக்கு வந்ததும் அந்தக் காற்று வெளியேறி, பாட்டிலின் உட்சுவரில் கடுகுக்கும் சிறிய குமிழ்களாக ஒட்டிக்கொள்ளும். மற்ற பாட்டில்கள் எல்லாவற்றிலும் அவை இருந்தன. இதில் ஒன்றுகூட இல்லை. "ஏன்?" என்று எழுதினேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை. அன்று இன்னும் பதினான்கு பாட்டில்கள் காத்திருந்தன.

சோதனையைத் தொடங்கினேன். முதலில், நீரில் காரம் மிகுந்தால் சிவக்கும் ஃபினாப்தலீன் இரண்டு சொட்டு. அந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீர் எதுவும் அதைப் போட்டால் நிறம் மாறாது. இது லேசாக, குழந்தையின் நகம் போல, இளஞ்சிவப்பானது. அதையும் எழுதினேன். அடுத்து கடினத்தன்மை, அதாவது சோப்பு நுரைக்காமலும் பருப்பு வேகாமலும் செய்யும் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று பார்ப்பது. ஐம்பது மில்லி நீரில் ஒரு சிட்டிகைக் கறுப்புப் பொடியைப் போட்டால் நாவல்பழச் சாறு நிறம் வரும். ப்யூரெட்டிலிருந்து மருந்தை இறக்க இறக்க, ஒரு சொட்டில் சட்டென்று நீலமாகிவிடும். அந்தச் சொட்டுதான் எங்கள் பிழைப்பு. பதினொன்று புள்ளி இரண்டு மில்லியில் நீலமானது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதேதான். நல்ல தண்ணீர். குடிக்கலாம், குளிக்கலாம், பருப்பும் வேகும்.

அறிக்கையை எழுதி சாமியப்பன் சாரின் மேசைக்குக் கொண்டுபோனேன். அவர் எண்களைப் பார்க்கவில்லை. ஓரத்துப் பென்சில் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு நாம என்னங்க்கா பதில் எழுதறது?"

"சார், அதுக்குப் படிவத்துல கட்டமே இல்லீங்களே."

"கட்டம் இல்லீங்க. கேள்வி இருக்குதுங்களே."

"தண்ணி நல்ல தண்ணிங்க சார். மூணுவாட்டி பாத்துட்டேன். பதினொண்ணு புள்ளி ரெண்டு."

"உங்க அளவுல தப்பு இருக்காதுங்க்கா. உங்க கை எனக்குத் தெரியாதுங்களா?" என்றவர், என் குறிப்பேட்டைத் தன் பக்கம் திருப்பினார். "குமிழ் இல்லை, ஏன்னு நீங்களே கேட்டிருக்கறீங்க. நிறமும் வந்திருக்குது. ரெண்டு கேள்விக்குப் பதில் இல்லாம நான் கையெழுத்துப் போட்டா, அந்தம்மா நாளைக்கு ஊட்டுக்குப் போயிருவாங்க. அளவு சரிங்க்கா. ஆனா இந்தத் தண்ணி நம்மகிட்ட எதையோ மறைக்குதுங்க. மறுக்கா ஒருதரம் பாத்துப்போடலாங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று முறை பார்த்ததை நான்காம் முறை பார்ப்பதா? "பாத்தா அதே பதினொண்ணு புள்ளி ரெண்டுதானுங்க வரும்" என்றேன்.

"பாட்டில இல்லீங்க்கா. ஊர."

வெள்ளிக்கிழமை காலை காந்திபுரத்தில் பஸ் ஏறினோம். அவர் பையில் கழுவிய பாட்டில்கள். என் பையில் குறிப்பேடும், வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு லிட்டர் சிறுவாணி ஆற்றுத் தண்ணீரும். எந்த ஊருக்குப் போனாலும் என் குடிதண்ணீரை நானே கொண்டுபோவேன். முப்பத்தோரு ஆண்டுகள் மற்றவர்கள் தண்ணீரைச் சோதித்தவளுக்கு வேறு வழியில்லை.

மயிலாத்தாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சமையற்கூடம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஊர்த் தலைவர் முன்னதாகவே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கனத்த குரல்.

"வாங்கொ, வாங்கொ. ஒரு பருப்புக்கு ரெண்டு ஆபீசருங்களா?" என்றார்.

"பருப்பு வேகலீன்னு அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டிருக்கறீங்களே, நாங்க ரெண்டு பேராச்சும் வரோணுமில்லீங்களா?" என்றார் சாமியப்பன் சார்.

தலைவர் சிரிக்கவில்லை. "ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டா வெந்துட்டுப் போவுது. போடச் சொன்னா இவிங்க போட மாட்டீங்கறாங்க."

"தெனமும் சோடா போட்டுப் புள்ளைங்க வவுத்தக் கெடுக்கறதுக்கா நான் சமைக்கறேன்?" என்றார் மயிலாத்தாள் அடுப்படியிலிருந்து. "உங்க ஊட்டு விசேசத்துக்குப் போட்டுக்கோங்க."

பேசிக்கொண்டே இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் என் பாட்டிலைத் தொட்டேன். சாமியப்பன் சார் டம்ளரை எடுத்து, குடிக்காமல், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு நிமிடம் பார்த்தார். மயிலாத்தாள் முகம் மாறிப்போனது.

"பயப்படாமக் குடிங்க சார். நல்லாக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, தெளிய வெச்சு, வெள்ளத் துணில வடிகட்டுனதுங்க. ஒறம்பரைக்குப் பச்சத்தண்ணியா குடுப்பாங்க?"

ஒறம்பரை என்றால் இங்கே விருந்தாளி. சாமியப்பன் சார் டம்ளரை இறக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார். மூடிமேல் கட்டியிருந்த வெள்ளைத் துணி எனக்கு நினைவுக்கு வந்தது.

"ஏனுங்க அம்மணி, எங்களுக்குப் பாட்டில்ல குடுத்தனுப்புனீங்களே, அது?" என்று கேட்டேன்.

"அதும்தானுங்க. இன்னம் அரைமணி நேரம் சேத்துக் கொதிக்க வெச்சேன். கோயமுத்தூரு ஆபீசுக்குக் குடுக்கறது, மொகம் சுளிக்கற மாதிரியா குடுக்கறது?"

சாமியப்பன் சார் தண்ணீர் முழுவதையும் மடமடவென்று குடித்துவிட்டு, டம்ளரை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். பதினோரு ஆண்டுகளில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எனக்கும் அடக்க முடியவில்லை. குமிழ் இல்லாததற்கும், இளஞ்சிவப்புக்கும், பதினொன்று புள்ளி இரண்டுக்கும் ஒரே பதில். அந்த அம்மா தன் பக்கத்துச் சாட்சியை அரைமணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, துணி கட்டி எங்களுக்கு அனுப்பியிருந்தார்.

விஷயம் இதுதான். இந்தப் பக்கத்து நீரில் சுண்ணாம்பு கரைந்திருப்பது, அதோடு சேர்ந்து கரைந்திருக்கும் கரியமில வாயுவின் தயவில். கொதிக்க வைத்தால் காற்றும் அந்த வாயுவும் வெளியேறும். துணையிழந்த சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்துவிடும். அந்த வாயுவின் புளிப்புப் போனதால்தான் ஃபினாப்தலீனும் சிவந்தது. மேலே தெளிந்து நிற்பது வேறு தண்ணீர். நான் மூன்று முறை மிகச் சரியாக அளந்தது, போரில் இல்லாத ஒரு தண்ணீரை.

விளக்கிச் சொன்னதும் மயிலாத்தாள் அடுப்பு மேடையில் கை ஊன்றி நின்றுவிட்டார். "அப்ப, நானே என் வேலைக்கு உலை வெச்சுக்கிட்டேனுங்களா?"

"இன்னம் வெக்கலீங்க. நாங்கதான் கையெழுத்துப் போடலியே," என்றார் சார். "கொதிக்க வெச்ச போசியக் காட்டுங்க."

அந்தப் பாத்திரத்தின் உட்புறம் சுவருக்கு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. "வாரத்துக்கு ஒருக்காப் புளி போட்டுத் தேய்ப்பேனுங்க" என்றார் மயிலாத்தாள், அழுக்கென்று நினைத்துவிடப் போகிறோமே என்ற கூச்சத்தோடு. சார் கரண்டிக் காம்பால் கொஞ்சம் சுரண்டி ஒரு தட்டில் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்தார். நுரைத்துப் பொங்கியது, சுண்ணாம்பேதான். தலைவரின் நாற்காலி ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

"இதெல்லாம் உங்க வித்தைங்க," என்றார் தலைவர். "பருப்புக்கு என்ன பதிலு?"

பதில் சொன்னது மயிலாத்தாள்தான். என் பையைக் காட்டி, "இவிங்க கொண்டாந்த தண்ணில ஒரு டம்ளர் பருப்பப் போடறேன். போர்க் கொழாத் தண்ணில ஒரு டம்ளர். ஒரே மூட்டைப் பருப்பு, ஒரே தீ. நீங்களே உக்காந்து பாருங்க" என்றார். இப்படி ஒரு சோதனையை எங்கள் கூடத்தில் யாரும் திட்டமிட்டதில்லை. சார் ஒன்றை மட்டும் சேர்த்தார்: "மூணாவதா, ஒறம்பரைத் தண்ணிலயும் ஒண்ணு போடுங்க."

மூன்று போசிகள், மூன்று அடுப்புகள். சுண்ணக்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினேன். பதினொன்று ஐந்துக்குத் தீ மூட்டியது. பருப்பு வேகும் நேரத்தில் நான் குழாயிலிருந்து புது மாதிரி எடுத்தேன். ஐந்து நிமிடம் நீரைத் திறந்துவிட்டு, அதே நீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, பிறகு கழுத்து வரை நிரப்புவது முறை.

"கழுவுன பாட்டில அதே தண்ணில எதுக்குங்க மூணுதரம் கழுவறீங்க?" என்றார் மயிலாத்தாள்.

"வேற தண்ணி ஒரு சொட்டுகூட ஒட்டியிருக்கக் கூடாதுங்க."

"என்னைவிடச் சுத்தக்காரங்களா இருக்கறீங்களே."

பதினொன்று முப்பத்தேழுக்குச் சிறுவாணித் தண்ணீர்ப் பருப்பு விரலில் மசிந்தது. பதினொன்று நாற்பத்தைந்துக்குக் கொதிக்கவைத்து வடித்த தண்ணீரிலும் மசிந்தது. பன்னிரண்டேகாலுக்கும் குழாய்த் தண்ணீர்ப் பருப்பு அப்படியே முழித்துக்கொண்டு கிடந்தது. தலைவர் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது.

"அடுப்ப இன்னங் கொஞ்சம் எரிச்சாத் தேவலியா?" என்றார், கொஞ்சம் இறங்கிய குரலில்.

"சாயங்காலம் வரைக்கும் எரிச்சாலும் புள்ளைங்க மத்தியானந்தானுங்க சாப்புடுவாங்க," என்றார் மயிலாத்தாள்.

சோதனையைப் பார்த்தவர் ஒருவர் எழுதித் தரவேண்டும் என்று என் குறிப்பேட்டை நீட்டினேன். தலைவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் வரைவதுபோல எழுதினார்: "இரண்டு பாத்திரத்தில் பருப்பு வெந்தது. குழாய்த் தண்ணியில் பருப்பு வேகவில்லை. பார்த்தேன்." கையெழுத்து. புகார்க் கடிதத்தை என்ன செய்யலாம் என்று அவரே கேட்டார். திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றார் சார். வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வேறு நல்ல தண்ணீர் கிடைக்கும் வரைக்கும் என்ன செய்வது என்று மயிலாத்தாள் கேட்டபோது சாமியப்பன் சார் சொன்னதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"ஒறம்பரைக்குக் குடுக்கற தண்ணியவே பருப்புக்கும் குடுங்க அம்மணி. மொத நாளே கொதிக்க வெச்சு, தெளிய வெச்சு, மேலாப்ல மொண்டு ஊத்துங்க."

"அப்பப் பருப்பும் ஒறம்பரைதானுங்களா?"

"புள்ளைங்களுக்குப் போற பருப்பில்லீங்களா? அவிங்கதானுங்க பெரிய ஒறம்பரை."

திங்கட்கிழமை குழாய் மாதிரியைச் சோதித்தேன். கடினத்தன்மைக்கு முப்பத்திரண்டு புள்ளி நான்கு மில்லி. முதல் பாட்டிலைவிட இருபத்தொன்று புள்ளி இரண்டு கூடுதல். சுண்ணாம்பு படிந்தால் கூடவே குறையும் காரத்தன்மையைத் தனியாக, வேறு மருந்தால் அளந்தேன். அங்கேயும் கூடுதல் இருபத்தொன்று புள்ளி ஒன்று. கொதித்ததில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்ததோ, இரண்டு கணக்கிலும் அதே அளவு காணாமல் போயிருந்தது. குளோரைடு மட்டும் முதல் பாட்டிலில் ஒரு பொட்டு அதிகம். ஆவியாய்ப் போனது தண்ணீர் மட்டும்தான், உப்பு போசியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதைவிட அழகாக முடிந்த கதையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மயிலாத்தாள் அதே பள்ளியில் சமைத்து, என்னைவிட ஓராண்டு முன்னதாக ஓய்வு பெற்றார். எங்கள் படிவத்தின் கடைசியில் நான் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன்: "மாதிரியைக் கொதிக்க வைத்தீர்களா? வடிகட்டினீர்களா?" அதன் கீழே சாமியப்பன் சார் தன் கையால் சேர்த்தார்: "மரியாதைக்காகக்கூட வேண்டாங்க." அச்சகத்தில் அதை நீக்கிவிட்டார்கள்.

இனி அந்தப் பென்சில் வரி. அது இல்லையென்றால் சார் கையெழுத்துப் போட்டிருப்பார். அவரே பிறகு அப்படிச் சொன்னார். எழுதியது யார்? மயிலாத்தாள் இல்லை, சீட்டையே தான் பார்த்ததில்லை என்றார். நீல மையில் கட்டங்களை நிரப்பிப் பாட்டிலைக் கொண்டுவந்த ஊராட்சி உதவியாளரும் இல்லை. அவர் எழுத்து சாய்ந்து ஓடும், இது நிமிர்ந்து நிற்கிறது. நித்யாவின் செய்தி வந்த பிறகு, சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தேன். சீட்டில் "பருப்பு" என்று ஒரு முறை. தலைவர் எழுதித் தந்ததில் இரண்டு முறை. மூன்றிலும் "ப்" என்ற எழுத்தின் மேல் புள்ளிக்குப் பதில் கடுகளவு வட்டம். மூன்றிலும் "ரு"வின் வால் அடுத்த எழுத்தின் அடிவரை நீள்கிறது.

தலைவரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது எண்பது வயதாகிறது. குரல் அதே கனம்.

"நானா? புகாருல மொதக் கையெழுத்தே என்னுதுங்க அம்மணி. நாலு பேரு வந்து நின்னாங்க, போட்டேன். அப்பறம் அதுக்கு எதுத்தாப்ல நானே பென்சில்ல எழுதுவனா?" என்றார். பிறகு தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். சிரித்து முடித்து, "ஏனுங்க, கோயமுத்தூருல மழைங்களா?" என்று கேட்டார்.

மழை இல்லை என்றேன். ஒரே ஒரு கடிதம், பருப்பு என்ற சொல்லோடு, பென்சிலால் எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். ஆகட்டும் என்றார். இதை எழுதி முடிக்கும் இன்றுவரை கடிதம் வரவில்லை. ஆகவே சீட்டின் ஓரத்தில் எழுதியவர் யார் என்ற இடத்தில், என் குறிப்பேட்டில், "உறுதி செய்யப்படவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பென்சிலால்.